கலஹா வீதியில் ஒரு பகல்

கண்டிக்குச் செல்வோர் வாவியையும் தலதா மாளிகையையும் கண்டு திரும்புவதே வழக்கம். நாமோ பேராதனை வழியாகக் கலஹா செல்லும் பேருந்தில் ஏறினோம். ஹிந்தகலையைக் கடந்ததும் வீதி வளைந்து வளைந்து மலை ஏறுகிறது. இருமருங்கும் தேயிலை. இத்துணைப் பசுமைக்கு நடுவே மக்கள் பட்டினியால் மடிந்தனர் என்றால் புதியவர் நம்பமாட்டார்.

1973, 1974ஆம் ஆண்டுகளை மலையக முதியோர் இன்னும் மறந்தாரிலர். உலகச் சந்தையில் தானியமும் எண்ணெயும் விலையேற, அரசாங்கம் கூப்பன் உணவைக் குறைத்தது. காணியுள்ள கிராமத்தவர் மரவள்ளி நட்டுச் சமாளித்தனர். லயத்து மக்களுக்கு நடுவதற்கு நிலமேது? 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் பெரும்பாலோருக்குக் குடியுரிமையும் இல்லை. 1974இல் தோட்டங்களின் மரண விகிதம் நாட்டின் ஏனைய பகுதிகளை வெகுவாக மிஞ்சிற்று.

லயமொன்றின் வாசலில் எம்மை உபசரித்த மூதாட்டி அந்நாளில் 14 வயதுச் சிறுமி. "பேரு விழுந்தாத்தானே காசு, ஐயா? வேலையே கொறஞ்சு போச்சு. அம்மா கைப்புள்ளையத் தூக்கிக்கிட்டு இந்த ரோட்டு வழியாத்தான் கண்டிக்கு நடந்தாங்க. சாப்பாடு மேல வரல, நாங்கதான் கீழ போனோம்" என்றார். கைப்பிள்ளை என்னவாயிற்று என்று நாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

உதவ எண்ணியோர் இல்லாமலில்லை. 1972இல் கண்டியில் சத்யோதய நிலையத்தை நிறுவிய அருட்தந்தை போல் கஸ்பர்ஸ் போன்றோர் இம்மக்களுக்காகக் குரல் கொடுத்தனர். ஆயினும் மூட்டை மலையேற வேண்டுமே! ஒருவர் சில கொத்து அரிசிக்கு மேல் கொண்டுசெல்லத் தடை; வீதிதோறும் சோதனை. அதைத் தாண்டினால் தோட்டத்து எல்லை. துரையின் அனுமதியின்றி வெளியார் லயத்தை அணுகுவது எளிதன்று. 'என் தோட்டத்தில் பஞ்சம்' என்று ஒப்புக்கொண்டு அனுமதி வழங்க எந்தத் துரைக்குத்தான் மனம் வரும்?

2025 நவம்பர் இறுதியில் திட்வா புயல் கண்டி மாவட்டத்து மலைகளைச் சரித்தது. வீதிகள் துண்டுபட்டன, நிவாரணப் பொதிகள் சில இடங்களுக்கு ஹெலிகொப்டரிலும் சில இடங்களுக்குத் தலைச்சுமையாகவும் சென்றன. அதைக் குறிப்பிட்டபோது மூதாட்டி சற்று யோசித்து, "அப்ப ரோட்டு நல்லாத்தான் இருந்திச்சு, ஐயா" என்றார்.

பேருந்துக்கு நேரமாயிற்று. வழிக்கென்று ரொட்டி இரண்டைத் தாளில் சுற்றித் தந்தார். வேண்டாமென்று சொல்ல எமக்கு வாய் வரவில்லை.