எழுத்தில் ஒரு மின்சுற்று

விருத்தாசலம் என்றதும் பழமலைநாதர் கோயிலுக்கு அடுத்தபடியாகப் பலரும் சொல்வது பீங்கானைத்தான். அகல்விளக்கு, பொம்மை, பியூஸ் கட்டை என எங்களூர்ச் சூளைகளில் வேகாத பொருள் குறைவு. வானொலிக்குள்ளும் கைப்பேசிக்குள்ளும் ஒரு பீங்கான் இருக்கிறது என்பதை இவ்வாண்டுதான் அறிந்தோம். அதுவே பீங்கான் மின்தேக்கி. எங்களூரில் வேகுவது களிமண். அதிலோ பெரும்பாலும் பேரியம் டைட்டனேட்.

அந்த மின்தேக்கியைக் கையால் தொடாமல், கணிப்பொறியில் எழுத்தாலேயே உண்டாக்கும் முறையை எங்கள் இயற்பியல் சிஸ்டர் கற்றுத் தந்தார்கள். முறையின் பெயர் ஸ்பைஸ். (மசாலாப் பொருள் அன்று!) 1973-இல் அமெரிக்காவின் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் நேகல் என்ற மாணவரும் பேராசிரியர் டொனால்ட் பெடர்சனும் வெளிக்கொணர்ந்தது. பம்பாய் ஐ.ஐ.டி.யின் ஃபாசீ திட்டத்தார் இலவசமாக வழங்கும் 'ஈசிம்' மென்பொருளுக்குள் இதன் வழிவந்த 'என்ஜிஸ்பைஸ்' இயங்குகிறது. அக்காலத்தில் ஒரு வரிக்கு ஒரு துளை அட்டை. முதல் அட்டை தலைப்பு. இன்றும் முதல் வரி தலைப்பாகவே கொள்ளப்படும். அங்கே எழுதிய உறுப்பு கணக்கில் சேராது. கட்டுரைக்குத் தலைப்பிட மறக்கும் தோழியருக்கு இதைவிடக் கடுமையான தண்டனை ஏது?

உறுப்பின் முதலெழுத்தே அதன் இனத்தைச் சொல்லும். ஆர் என்றால் மின்தடை, சி மின்தேக்கி, எல் மின்தூண்டி, டி டையோடு. அடுத்து, எந்த இரு முனைகளுக்கு நடுவே என்பது, அதன்பின் மதிப்பு. 0 என்னும் முனை எப்போதும் தரை.

வி1 1 0 9
ஆர்1 1 2 1கே
ஆர்2 2 0 2கே

ஒன்பது வோல்ட் மின்கலமும் இரண்டு மின்தடைகளும் இவ்வளவே. இரண்டாம் முனையில் 6 வோல்ட் என விடை வரும். ஓம் விதிப்படி நோட்டில் போட்டாலும் அதுவே. பத்து லட்சம் ஓமுக்கு 'எம்' என்று எழுதலாகாது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் ஸ்பைசுக்கு இல்லாததால் அது ஆயிரத்தில் ஒன்றாகிவிடும். 'மெக்' என்றே எழுத வேண்டும்.

எங்களுள் ஒருத்தியின் தாயார் பொம்மைப் பட்டறையில் அச்சில் மண்கூழ் வார்ப்பவர். இதைக் கேட்டுவிட்டு, "எழுதினபடியே இருக்குமாம்மா? மண்ணு அப்படியில்லையே. சூளைக்குப் போனா சுருங்கும். அதுக்குத்தானே அச்சைப் பெருசா வெட்டுறோம்" என்றார். எங்களிடம் பதில் இல்லை. சிஸ்டரிடம் சொன்னபோது அவர்கள் மிகவும் மகிழ்ந்து, மறுநாள் பாடத்தையே அந்தக் கேள்வியாக்கிவிட்டார்கள்.

'சி1 1 2 100என்' என்று எழுதினால் கிடைப்பது மாசற்ற மின்தேக்கி. அதற்குக் கசிவு இல்லை, மூப்பும் இல்லை. உண்மையான பீங்கான் மின்தேக்கியிலோ சிறிது மின்தடையும் சிறிது மின்தூண்டலும் கலந்தே இருக்கும். பேரியம் டைட்டனேட் வகையில் மின்னழுத்தம் ஏறினால் தேக்கும் அளவு குறையும், நாள்பட்டாலும் குறையும். நாம் எழுதாத குறையை ஸ்பைஸ் தானாக அறியாது.

ஆகவே சி, ஆர், எல் மூன்றையும் வரிசையாய்க் கோத்து, உபசுற்று என்னும் முறைப்படி ஒரே உறுப்பாக்கினோம். ஐந்தே வரி. 'விருதை' என்று பெயரிட்டிருக்கிறோம். மின்னழுத்தத்தால் குறைவதை எழுத இன்னும் கற்கவில்லை. அச்சு இன்னும் சரியான அளவுக்கு வரவில்லை என்று அந்த அம்மாளிடம் சொல்லியிருக்கிறோம்.