உல்லையில் இரண்டு நாள்

மூட்டை கட்டுவது எப்படி என்று எம்மில் பலருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 1990 இல் எழுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து படுவான்கரைக்கு ஓடியபோது எனக்குப் பத்து வயது. 2007 இல் ஷெல்லுக்குப் பயந்து அதே வாவியை மறுபக்கமாகக் கடந்தபோது என் இடுப்பில் என் பிள்ளை இருந்தது. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை ஆஸ்பத்திரிக்கும் கச்சேரிக்கும் நாங்கள் பாதையிலோ தோணியிலோதான் போய்வந்தோம்.

அப்படிப்பட்ட நாங்கள் தோணியில் ஏறுவதற்கென்றே பஸ் பிடித்துப் பொத்துவிலுக்குப் போகிறோம் என்றதும் ஊரே சிரித்தது. “இஞ்ச இல்லாத தோணியா அங்க இருக்கு?” என்று மாமி கேட்டார். எங்கள் மாதர் சங்கத்தில் நான்கு பேர் சேர்ந்து, ஒரு வருடமாகச் சிறிது சிறிதாகச் சேமித்த பணம் அது. யாருடைய வீட்டுச் செலவையும் நாங்கள் தொடவில்லை.

மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் நூறு கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி என்று கரையோரமாகவே வீதி செல்கிறது. ஆனி மாதம் என்பதால் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகும் அடியார்களை வழியில் கண்டோம். வடக்கிலிருந்து நடந்து வந்த வயதான பெண்களும் அதில் இருந்தார்கள். இங்கிருந்து உகந்தை, குமணைக் காடு தாண்டிப் போவார்கள். தோளில் ஒரு பை, கையில் ஒரு தடி, அவ்வளவுதான் அவர்களிடம் இருந்தது.

பொத்துவிலிலிருந்து ஓட்டோவில் பாலத்தைத் தாண்டினால் உல்லை. வெளிநாட்டவர் இதை அறுகம்பே என்பார்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி இங்கே வீடுகளையும் விடுதிகளையும் அள்ளிச் சென்றது. சித்திரை தொடக்கம் புரட்டாதி வரை இப்போது அலைச்சறுக்குக்காக உலகின் பல நாடுகளிலிருந்தும் வருகிறார்கள். இவர்களில் பலர் முதுகில் ஒரே ஒரு பையைச் சுமந்துகொண்டு மாதக்கணக்காக நாடு நாடாய்ச் சுற்றுபவர்கள்.

அடுத்த நாள் விடியற்காலை பொத்துவில் களப்புக்குப் போனோம். மீன்பிடிக்கும் குடும்பத்தவரே தோணி விடுகிறார்கள். இரண்டு தோணிகளைப் பக்கம் பக்கமாக வைத்துக் குறுக்கே பலகை கட்டியிருந்தார்கள். எஞ்சின் கிடையாது. நீண்ட கம்பை ஊன்றித் தள்ளியபடி நானா ஒருவர் எங்களைக் கூட்டிச் சென்றார். கொக்கும் நாரையும் மீன்கொத்தியும் சத்தத்துக்குக் கலையாமல் இருந்தன. கண்டல் மரங்களின் வேர்களுக்கிடையில் புகுந்தபோது ஒரு நீண்ட காயைக் காட்டினார். “இது மரத்திலயே முளைவிட்டுப் போட்டுத்தான் விழும் அக்கா. சேத்தில குத்தி நிண்டாப் போதும், வேர்விடும். இந்த வேருக்குள்ளதான் இறாலும் நண்டும் குஞ்சாக் கிடந்து வளரும். இதை வெட்டினா எங்கட வலை வெறுமைதான்” என்றார்.

அதே தோணியில் இரண்டு வெளிநாட்டுப் பெண்களும் ஏறியிருந்தார்கள். ஒருவர் ஜேர்மனியில் தாதி. மற்றவர் தென்னமெரிக்காவின் சிலி நாட்டு ஆசிரியை. எங்களோடு வந்த முன்பள்ளி ஆசிரியைக்கு ஆங்கிலம் கொஞ்சம் தெரியும். கரைக்கு வந்து பிளேன்டீ குடிக்கும்போது கதை தொடங்கியது.

“தனியவா வந்தீங்கள்? வீட்டில ஒண்டும் சொல்லல்லையா?” என்பதுதான் எங்கள் முதல் கேள்வி. இருவரும் சிரித்தார்கள். தங்கள் தாய்மாரும் அதையேதான் கேட்டார்களாம். பிறகு அவர்கள் எங்களைக் கேட்டார்கள்: “நீங்கள் இதற்கு முன் எங்கெல்லாம் பயணம் போயிருக்கிறீர்கள்?”

எங்களில் மூத்த அக்கா ஒருவர். அவருடைய கணவர் காணாமல் ஆக்கப்பட்டவர். அக்கா விரல் விட்டு எண்ணினார். முகாம், பொலிஸ், சிறைச்சாலை, ஆணைக்குழு, கொழும்பில் ஒரு அலுவலகம். “எல்லாம் அவரைத் தேடிப் போன பயணம்தான்” என்று பணப்பையிலிருந்த சிறிய படத்தை எடுத்துக் காட்டினார்.

ஆசிரியை அதை மொழிபெயர்த்து முடிப்பதற்குள் சிலி நாட்டுப் பெண் அக்காவின் கையைப் பிடித்துவிட்டார். 1973 இல் அவர்கள் நாட்டில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள், பலர் காணாமல் போனார்கள். அவருடைய பாட்டியின் தம்பியும் அதில் ஒருவர். கலாமா என்ற ஊரில் பெண்கள் மண்வெட்டியோடு அட்டகாமா பாலைவனத்தில் ஆண்டுக்கணக்காகத் தேடினார்களாம். பாட்டியும் சாகும்வரை சட்டையில் படத்தைக் குத்திக்கொண்டுதான் வெளியே போவாராம்.

“பாட்டி வேற எங்கயும் போகல்லையா?” என்று அக்கா கேட்டார்.

“இல்லை. அதனால்தான் அம்மா என்னைப் போகவிட்டார்” என்றார் அவர்.

அக்கா வெகுநேரம் பேசவில்லை. பிறகு அந்தப் பெண்ணின் பையைத் தூக்கிப் பார்த்து, “இவ்வளவு பாரமா? நாங்க ஓடக்குள்ள இதை விடக் குறையத்தான் கொண்டு போனம்” என்றார். எல்லோரும் சிரித்தோம். பிறப்பத்தாட்சிப் பத்திரம், காணி உறுதி, கொஞ்சம் அரிசி, பிள்ளைக்கு ஒரு சட்டை. அதைக் கேட்டு அவர்கள் மட்டும் சிரிப்பை நிறுத்தினார்கள்.

மாலையில் கடற்கரையில் உள்ளூர்ப் பெண்கள் பலகையோடு அலைக்குள் இறங்குவதைப் பார்த்தோம். 2018 இல் இங்கே பெண்களுக்கென்று அலைச்சறுக்குக் கழகம் தொடங்கினார்கள். கடலில் இறங்கும் பெண்ணை ஊர் பேசத்தான் செய்தது என்றார் கடைக்கார அக்கா. இப்போது தாய்மாரும் இறங்குகிறார்களாம். எங்கள் அக்கா சேலையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு கடலில் நின்றார். சுனாமிக்குப் பிறகு அவர் கால் நனைத்தது அன்றுதான்.

தேடுவதை நிறுத்தும்படி அக்காவிடம் யாரும் சொல்ல முடியாது. சொல்லவும் கூடாது. ஆனால் தேடும் பெண்ணுக்கும் சும்மா ஒரு களப்பைப் பார்க்க உரிமை உண்டு. நீங்களும் உங்கள் சங்கத்தில் பேசிப் பாருங்கள். நான்கு பேர் சேர்ந்தால் அறைச் செலவும் தோணிக் கூலியும் பங்காகும். காலையில் போங்கள். தொப்பியும் தண்ணீரும் எடுங்கள். தோணியில் உயிர்காப்பு அங்கியைக் கேட்டு வாங்கிப் போடுங்கள்.

எங்கள் சங்கத்தில் அடுத்த வருடத்துக்கான சேமிப்பு தொடங்கிவிட்டது. நிலாவெளிக்குப் போகவேண்டும் என்று முதல் ஆளாகப் பணம் கட்டியவர் அக்காதான்.