உப்பில்லாப் பத்தியம்

அந்தப் பொடி டப்பாவை அந்த அம்மா என் மேஜைமேல் வைத்தபோதே வழக்கு ஜெயித்துவிட்டது என்று நினைத்தேன். மூலிகை என்ற பெயரில் பாதரசமோ ஸ்டீராய்டோ கலந்திருப்பார்கள், ஆய்வகம் சொல்லிவிடும், மிச்சம் நஷ்டஈட்டுக் கணக்குதான். இருபது வருஷத் தொழில் கொடுத்த திமிர்.

கணவர் பள்ளி ஆசிரியர். 'பைபோலார்' நோய். ஒரு காலம் தூக்கமே இல்லாமல் பறப்பார். ஒரு காலம் பாயை விட்டு எழமாட்டார். லித்தியம் மாத்திரைதான் ஒன்பது வருஷமாக அவரை நிலையாக வைத்திருந்தது. அதன் பக்கவிளைவாகக் கை லேசாக நடுங்கும். போர்டில் எழுதும்போது பிள்ளைகள் கவனிக்கிறார்கள் என்று கூச்சம். அதற்காகத்தான் நரம்புக்கு நல்லது என்று பொடி வாங்கினார். மாத்திரையை நிறுத்தவில்லை.

மூன்றாம் வாரம் நடை தள்ளாடியது, நாக்கு குழறியது. குடித்திருக்கிறார் என்று தெருவில் பேசினார்கள். ரத்தத்தில் லித்தியம் லிட்டருக்கு 0.6 முதல் 1.2 மில்லிமோல் வரை இருக்கலாம், 1.5ஐத் தாண்டினால் நஞ்சு. அவருக்கு 2.8. டயாலிசிஸ் செய்துதான் பிழைக்க வைத்தார்கள்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்தேன். பொடியை ஆய்வுக்கு அனுப்பச் சொல்லி மனு போட்டவனும் நானே. அறிக்கை வந்தது. கலப்படம் எதுவும் இல்லை. பொடியும் சுத்தம், என் வழக்கும் சுத்தம். "ரத்தத்தில் இருந்த விஷம் டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைதானே?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

மனநல மருத்துவரைப் போய்ப் பார்த்தேன். "டப்பாவை விடுங்க சார். அந்த மூணு வாரம் உப்பு சாப்பிட்டாரா?" என்றார்.

சிறுநீரகம் லித்தியத்தையும் சோடியத்தையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே நடத்துமாம். சாப்பாட்டில் உப்பு குறைந்தால் இருக்கிற சோடியத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும், கூடவே லித்தியத்தையும். மாத்திரை அதே அளவுதான், வெளியே போவதுதான் குறைந்துவிடும். பொடியில் நீர் பிரிக்கும் நெருஞ்சில் இருந்தது. அதுவும் சேர்ந்து வேலை செய்திருக்கலாம் என்றார். ஆனால் அதைச் சத்தியம் செய்து சொல்ல மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார்.

டப்பாவுக்குள் மடித்து வைத்திருந்த துண்டுத்தாளை அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். எண்ணெய்க்கறை படிந்த தாள். சித்தப்பிரமை தீரும், ஒரு மண்டலம் உப்பு, புளி நீக்கவும், ஆங்கில மருந்துகளுடன் சேர்த்தே உண்ணலாம். இதை நான் ஆவணப் பட்டியலில்கூடச் சேர்த்திருக்கவில்லை. 1954ஆம் ஆண்டு மந்திர மருந்துகள் சட்டப்படி லேபிளும் மேலுறையும்கூட விளம்பரம்தான். சித்தம் பேதலிப்பது அதன் அட்டவணையில் உள்ள நோய். கூடுதல் ஆவணமாகத் தாக்கல் செய்ய மன்றாட வேண்டியிருந்தது.

எதிர்த்தரப்பு எழுத்துமூலமாகக் கேள்வி அனுப்பியது: உப்பில்லாமல் சமைத்துக் கொடுத்தது யார்?

"நான்தான் சார். தனிச்சட்டியில வடிச்சேன், ஒரு கல்லு உப்பு போடல. ஒருநாள் கெஞ்சிக் கேட்டாரு. ஊறுகாய் பாட்டிலை எடுத்து ஒளிச்சு வச்சேன்."

துண்டுத்தாளில் கண்டபடி நடந்தேன் என்று மட்டும் வாக்குமூலத்தில் எழுதினால் போதும் என்றேன். அவர் கேட்கவில்லை. ஊறுகாய் பாட்டிலும் அதில் வந்தாக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். கேஸ் போச்சு என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டே டைப் அடிக்கச் சொன்னேன்.

அந்த வரியைத்தான் ஆணையம் எடுத்துக்கொண்டது. அச்சிட்ட வாசகத்தை ஒரு நுகர்வோர் எந்த அளவுக்கு நம்பி நடந்திருக்கிறார் என்பதற்கு அதுவே சான்று என்று உத்தரவில் எழுதினார்கள். மருத்துவச் செலவும் அதற்குமேல் கொஞ்சமும் கிடைத்தது. எதிர்த்தரப்பு அப்பீல் போகவில்லை.