தாலித் தட்டை ஏந்துபவர் யார்?

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், வத்திராயிருப்பை அடுத்த மகாராஜபுரத்தில், சென்ற வைகாசியில் என் தங்கை மகனுக்குத் திருமணம் நடந்தது. கோவிலில் மூன்று ஓலையும் வாசித்தாயிற்று, பந்தக்கால் நட்டாயிற்று, வாசலில் குலை தள்ளிய வாழைகளும் நின்றன. முந்தின நாள் மாலை, உறவினர் கூடியிருந்த முற்றத்தில் ஒரு கேள்வி எழுந்தது. மறுநாள் காலை தாலித் தட்டை ஏந்துபவர் யார்?

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆலயத்துக்குப் புறப்படுமுன், அரிசி பரப்பிய தட்டில் தேங்காய் வைத்து, அதன்மேல் தாலியைச் சுற்றி, மணமகனின் தாய் அதை மூத்தோரிடம் கொண்டு செல்வார். ஒவ்வொருவரும் தாலியைத் தொட்டு, சிலுவை வரைந்து, ஆசி கூறுவர். பிறகே அது குருவானவர் கைக்குப் போகும். மணமகனின் தாயாகிய என் தங்கையோ கணவரை இழந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே என் மனைவி தட்டை ஏந்துவாள் என்று, எவரும் வாய்விட்டுச் சொல்லாமலே முடிவாகியிருந்தது. மணமகன்தான் அதை ஏற்கவில்லை.

"அம்மா இருக்கும்போது அத்தை எதற்கு, மாமா?" என்றான்.

நான் வாய் திறக்கவில்லை. காரணம் உண்டு. நான்கு ஆண்டுகளுக்கு முன் இவனுடைய அக்காள் திருமணத்தில், பெற்றோர் நிற்க வேண்டிய இடத்தில் நானும் என் மனைவியும் நின்றோம். தாய்மாமன் என்ற பெருமையோடு, புதுப்பட்டு வேட்டி சரசரக்க நின்றேன். என் தங்கை அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றாள். அவளை யாரும் அங்கே போகச் சொல்லவில்லை. போகாதே என்றும் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அன்று மாலை எங்களோடு என் சிற்றன்னை மகளும் இருந்தார். துறவறத்தில் நாற்பது ஆண்டுகளைக் கடந்தவர். 1990-களில் கம்போடியாவில் சில ஆண்டுகள் பணியாற்றியவர். பேச்சின் இறுக்கத்தைத் தளர்த்தவோ என்னவோ, தாம் கொண்டுவந்திருந்த பழைய படத் தொகுப்பைப் பிள்ளைகளிடம் விரித்துக் காட்டத் தொடங்கினார். எல்லாம் அந்நாட்டுத் திருமணப் படங்கள். பெண்கள் பட்டுக்குக் கூடினார்கள். நானும் எட்டிப் பார்த்தேன்.

கண்ணைப் பறிக்கும் வண்ணங்கள்! ஒரே திருமணத்தில் மணமக்கள் பலமுறை ஆடை மாற்றுவார்களாம். பச்சை, சிவப்பு, பொன்னிறம் என்று ஒவ்வொரு சடங்குக்கும் ஒரு பட்டு. அன்றைக்கு அவர்கள் அரசனும் அரசியும் அல்லவா! மணமகன் வீட்டார் பழத்தட்டுகளை ஏந்தி, நம் ஊர்ச் சீர்வரிசை போலவே இருவர் இருவராக ஊர்வலம் வருகிறார்கள். பாக்குப் பூவுக்கு அங்கே தனி மதிப்பு. தலைமுடியைக் கத்தரிப்பதாகப் பாவனை செய்யும் சடங்கு ஒன்று உண்டு. இறுதியில் மணமகன், மணமகளின் மேலாடை நுனியைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னே நடக்கிறான். கடல் கடந்து வந்த இளவரசன் ஒருவன் நாக கன்னியை மணந்து, அவளுடைய மேலாடையைப் பற்றியபடி அவள் நாட்டுக்குச் சென்றான் என்பது அவர்கள் மரபுக் கதை. மணிமேகலையில் சோழனும் நாகநாட்டுப் பீலிவளையும் வருவது நினைவுக்கு வந்தது. திருமணத்துக்கு அவர்கள் மொழியில் வழங்கும் சொல்லிலும் நம் 'விவாகம்' ஒளிந்திருக்கிறது.

ஒரு படத்தில், வெள்ளை மேலாடை அணிந்த முதிய பெண் ஒருவர், மணமகளின் மணிக்கட்டில் சிவப்பு நூல் கட்டிக்கொண்டிருந்தார். பெற்றோரும் உற்றோரும் இவ்வாறு நூல் கட்டி வாழ்த்துவது அங்கே முதன்மையான சடங்கு.

"இவர் பெண்ணின் தாய். கணவரைப் போல்பாட் காலத்தில் பறிகொடுத்தவர்" என்றார் சகோதரி.

பிறகு அவர் கூறியதைக் கேட்டு முற்றம் அமைதியாயிற்று. 1975 ஏப்ரல் 17-ஆம் நாள் தொடங்கி 1979 சனவரி வரை நீடித்த அந்த ஆட்சியில் திருமணங்கள் நடக்கத்தான் செய்தன. பல இணைகளை ஒரே நேரத்தில் வரிசையாக நிறுத்துவார்கள். அனைவருக்கும் கருப்பு உடை. பாக்குப் பூவும் இல்லை, நூலும் இல்லை, பெற்றோரும் இல்லை. பக்கத்தில் நிற்பவர் யாரென்று அறியாதவர்கள்கூட, ஆளும் இயக்கத்தின் பெயரால் உறுதி கூற வேண்டும். மறுப்பவர் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. அக்கட்டாயத் திருமணங்கள் மானிடத்துக்கு எதிரான குற்றம் என்று 2018-இல் அந்நாட்டின் சிறப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் திருச்சபையும் அங்கே சிதைந்தது. நாட்டின் தலைநகர் வீழ்வதற்கு மூன்று நாட்களுக்கு முன் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்ட யோசேப் சமார் சாலாஸ் ஆண்டகை, 1977-இல் துன்பங்களிடையே உயிர்நீத்தார்.

"அண்ணே, அந்த நாட்டில் கைம்பெண்களை ஒதுக்கியிருந்தால், பிள்ளைகள் கையில் நூல் கட்ட எத்தனை தாய்மார் மிஞ்சியிருப்பார்கள்?" என்று சகோதரி என்னிடம் கேட்டார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் கொள்ளவில்லை. மணச்சடங்குகளைப் பற்றி நம் திருச்சபை வழக்காடியதற்கு மூன்று நூற்றாண்டு வரலாறு உண்டு. 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவபோதகர் நம் வழக்கங்களில் எவை நாட்டு நாகரிகம், எவை பிற வழிபாடு என்று பிரித்தறிய முயன்றார். 1623-இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் அவர் பக்கம் தீர்ப்பளித்தார். 1704-இல் புதுச்சேரியில் பாப்பரசரின் தூதர் தூர்னோன் ஒரு தடையாணை பிறப்பித்தார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலி ஆகாது. மஞ்சள் தோய்ந்த 108 இழைக் கயிறு ஆகாது. மணவிழாவில் தேங்காய் உடைத்துச் சகுனம் பார்ப்பது ஆகாது. 1744-இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் அதை உறுதிசெய்தார். இவற்றைக் கைக்கொள்வதாகக் குருக்கள் எடுத்துவந்த சத்தியப் பிரமாணம் 1940-இல்தான் நீங்கியது. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமோ, மக்களின் போற்றத்தக்க திருமண வழக்கங்களைப் பேணிக்கொள்ளுமாறே விரும்பிக் கேட்டது. இன்று நம் தாலியில் சிலுவையும் புறாவும் விளங்குகின்றன.

தாலியின் இழையை எண்ணி வழக்காடினோம். தட்டைத் தொடத் தகாதவள் என்று ஒரு தாயை ஒதுக்குவதை எந்தத் திருச்சபைச் சட்டமும் நம்மிடம் கேட்டதில்லை, நாமே வைத்துக்கொண்டோம். எங்கள் ஊருக்கு அண்மையிலுள்ள திருவில்லிபுத்தூரில் பிறந்த ஆண்டாள் கனவில் கண்ட திருமணத்திலே மந்திரக்கோடி உண்டு, காப்புநாண் உண்டு, கைத்தலம் பற்றுதல் உண்டு. தாலி கட்டுவது இல்லை. அந்த மந்திரக்கோடி என்ற சொல்லையே கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் மணப்புடவைக்கு இன்றும் வழங்குகிறார்கள். சடங்குகள் வரும், போகும், வீடு மாறும். மணமக்களின் சம்மதமே திருமணத்தை ஆக்குகிறது, அதை வேறு எந்த மனித ஆற்றலும் ஈடுசெய்ய இயலாது என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு கூறுகிறது. ஆனாலும் சம்மதம் ஒன்று போதும், மற்றவை வேண்டா என்று அந்தக் கருப்பு உடைகளைப் பற்றிக் கேட்டபின் என்னால் எண்ண முடியவில்லை. அந்தச் சிவப்பு நூலைக் கட்டத் தாய் இருந்தாள் என்பது சிறிய செய்தியா?

கானாவூர்த் திருமணமும் நினைவுக்கு வந்தது. அங்கே மரியன்னை இருந்தார். சூசையப்பரின் பெயர் அங்கே இல்லை. அவர் அதற்கு முன்பே இறந்திருக்க வேண்டும் என்பது திருச்சபையில் வழங்கிவரும் எண்ணம். அப்படியானால், இரசம் தீர்ந்ததை முதலில் கண்டு கவலைப்பட்டவர் ஒரு கைம்பெண்.

விடியுமுன் எழுந்து அடுக்களைக்குச் சென்றேன். தங்கை பாலைக் காய்ச்சிக்கொண்டிருந்தாள். "தட்டை நீயே எடு" என்றேன்.

அவள் மகிழவில்லை. "ஊர் என்ன சொல்லும் என்பதை விடுங்கள், அண்ணே. மகளுக்கு எடுத்துச் செய்யாதவள் மகனுக்கு மட்டும் எடுத்தால், மூத்தவள் மனம் என்ன பாடுபடும்? அவளுக்கு மட்டும் நான் தாய் இல்லையா?" என்றாள்.

இதை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. விடை சொல்லவும் தெரியவில்லை. கைக்குழந்தையோடு கதவருகே நின்ற மூத்தவள் அதைக் கேட்டிருக்க வேண்டும். ஒன்றும் பேசாமல் குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, உள்ளே போய்த் தட்டை எடுத்துவந்து தாயின் கையில் வைத்தாள்.

தங்கை தட்டோடு முற்றத்தைச் சுற்றி வந்தாள். நடுங்கும் கையால் தேங்காயைப் பிடித்துக்கொண்டே வந்தாள். ஏறக்குறைய எல்லாரும் தொட்டு ஆசி கூறினர். முதிய உறவினர் ஒருவர் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரும் கைம்பெண்ணே, முப்பது ஆண்டுகளாகப் பந்தலுக்கு வெளியே நின்று பழகியவர். அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இத்திருமணத்தின் படங்கள் சென்ற மாதம் வந்தன. தங்கை நடுவில் நிற்கிறாள். மூத்தவளின் திருமணப் படமோ இன்னும் அதே சுவரில் தொங்குகிறது. அதில் என் தங்கையின் இடத்தில் நான் நிற்கிறேன், பட்டு வேட்டியோடு.