ஏழு பிள்ளைகளின் தாய்



நவம்பர் மாதம் மரித்த விசுவாசிகளுக்கென்று நம் திருச்சபை ஒதுக்கி வைத்த மாதம். முதல் நாள் சகல புனிதர்களின் பெருவிழா. மறுநாள் சகல ஆன்மாக்களின் நினைவு. விண்ணகத்தில் வெற்றி வாகை சூடியோரும், உத்தரிக்கிற ஸ்தலத்தில் தூய்மை பெறுவோரும், இம்மண்ணில் இன்னும் போராடிக் கொண்டிருக்கும் நாமும் ஒரே குடும்பத்தார் என்பதை உணர்த்தவே இவ்விரு நாள்களும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. விசுவாசப் பிரமாணத்தில் நாம் அறிக்கையிடும் புனிதர்களின் சமூக உறவு என்பது இதுவே. யாம் இதனைக் குருமடத்தில் நூல்களின் வாயிலாகக் கற்றோம். ஆயினும் அதற்குப் பல்லாண்டுகள் முன்னரே, எழுத்து வாசனை அதிகமில்லாத எம் அன்னை, தம் பிள்ளைகளை எண்ணிய முறையாலேயே அதனை எமக்குக் கற்பித்துவிட்டார். அவரது நினைவைச் சில சொற்களில் இங்கு பதிக்க விழைகிறோம்.

திருச்செந்தூருக்கு மேற்கே செம்மணல் தேரியின் ஓரத்தில் அமைந்த சிற்றூர் எம் ஊர். எம் தந்தையார் பனையேறும் தொழிலாளி. 1958-ஆம் ஆண்டில், பத்தொன்பதாம் வயதில், எம் அன்னை அவரைக் கைப்பிடித்தார். பங்குனி பிறந்துவிட்டால் குடும்பம் முழுவதும் காட்டிலுள்ள விடிலிக்குக் குடிபெயரும். தந்தையார் விடியுமுன் பனையேறிப் பதநீர் இறக்குவார். அன்னை அதனை அடுப்பேற்றிப் பாகாக்கி, சிரட்டைகளில் வார்த்துக் கருப்பட்டியாக்குவார். அடுப்பின் வெக்கையில் நாள் முழுதும் நின்றவர், மாலையில் கோயில் மணி காற்றில் மிதந்து வந்ததும் அகப்பையை வைத்துவிட்டுத் திரிகால செபம் சொல்வார். உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடி எடுத்துக் கோயிலுக்கென்று தனிக் கலயத்தில் போடுவார். மூன்றாம் வகுப்போடு பள்ளிப் படிப்பை நிறுத்தியவர். ஆனால் ஞானோபதேசம் முழுவதும் மனப்பாடம்.

இரவு உணவுக்கு முன் செபமாலை. அது முடிந்ததும் பிள்ளைகள் ஒவ்வொருவரின் பெயரையும் சொல்லி ஆண்டவரிடம் ஒப்புக்கொடுப்பார். எண்ணினால் ஏழு பெயர்கள் வரும். பாயில் அமர்ந்திருந்தவர்களோ ஐவர். உறவினரோ புதிதாக வந்தவரோ, "பிள்ளைகள் எத்தனை?" என்று வினவினாலும் அவர் தயங்காமல், "ஏழு பேர். அஞ்சு பேர் என்னோட இருக்காங்க, ரெண்டு பேர் ஆண்டவரோட இருக்காங்க" என்றே விடையளிப்பார். இந்த எண்ணிக்கைக்காக அவர் கொடுத்த விலையை யாம் வளர்ந்த பிறகே அறிந்தோம்.

இருவருள் ஒருத்தி எம் கடைசித் தங்கை. 1974-ஆம் ஆண்டில், மூன்று வயதில், காய்ச்சலில் இறந்தாள். அப்போது எமக்கு ஐந்து வயது. கோயில் மணி ஒலித்ததும், குருவானவர் வெள்ளை உடை அணிந்து வந்ததும், பூமாலை சூட்டிய சிறு பெட்டியும் இன்றும் எம் கண்முன் நிற்கின்றன. ஊரார் எம் அன்னையின் கைகளைப் பற்றி, "அழாதே, பிள்ளை சம்மனசாய்ப் போய்விட்டது" என்று தேற்றினர்.

மற்றொருவன் எமக்கு மூத்தவன். 1963-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், எட்டாம் மாதத்திலேயே விடிலியில் பிறந்தான். நள்ளிரவு வேளை. கோயிலோ மூன்று கல் தொலைவு. பேறு பார்த்த மருத்துவச்சி பிற சமயத்தவர். தண்ணீர் வார்த்து ஞானஸ்நானம் கொடுக்க அவருக்குத் தெரியாது. அன்னையோ நினைவிழந்து கிடந்தார். தந்தையார் உபதேசியாரை அழைத்துவர மணலில் ஓடினார். அவர்கள் வந்து சேருமுன் குழந்தை கண்மூடிவிட்டது.

அன்றைய நாளில் நடைமுறையிலிருந்த 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின்படி, ஞானஸ்நானம் பெறாமல் இறந்தோருக்குத் திருச்சபையின் அடக்கச் சடங்கு இல்லை. மந்திரித்த கல்லறைத் தோட்டத்தில் இடமும் இல்லை. மணி ஒலிக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தின் வடக்குச் சுவருக்கு வெளியே, ஓர் உடைமரத்தின் அடியில், தந்தையாரே தம் கையால் குழி தோண்டிப் பிள்ளையை அடக்கினார். "சம்மனசாய்ப் போய்விட்டது" என்று சொல்லித் தேற்ற ஒருவரும் முன்வரவில்லை. அப்படிப்பட்ட குழந்தைகள் துன்பமும் இல்லாத, கடவுளைக் காணும் பேரின்பமும் இல்லாத 'லிம்போ' என்னும் நிலையில் இருப்பார்கள் என்பதே அக்காலத்தில் பரவலாகப் போதிக்கப்பட்டு வந்தது.

எம் அன்னை திருச்சபையோடு வழக்காடவில்லை. ஒரு நாள்கூடப் பூசையைத் தவறவிடவுமில்லை. ஆனால் எண்ணிக்கையை மட்டும் மாற்ற மறுத்துவிட்டார். மார்ச் மாதம் சூசையப்பருக்குரியது என்பதால் அப்புனிதரின் பெயரையே பிள்ளைக்கு இட்டு, இரவுதோறும் அப்பெயரைச் சொல்லி வந்தார். கல்லறைத் திருநாளில் தங்கையின் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றியபின், சுவரைச் சுற்றி வெளியே நடந்து சென்று, உடைமரத்தடியிலும் ஒன்று ஏற்றுவார். அங்குள்ள பிள்ளைக்காகச் செபிப்பதில் பயனில்லை என்று ஒரு முறை பெரியவர் ஒருவர் சொன்னாராம். அன்னை அமைதியாக, "ஏரோது வெட்டின பிள்ளைகளுக்கு யாருங்க ஐயா ஞானஸ்நானம் கொடுத்தது? அவங்களுக்கு டிசம்பர் 28-ந் தேதி திருநாள் கொண்டாடுறோமே?" என்று கேட்டாராம். பெரியவர் விடையளிக்கவில்லை.

துயரத்தை வீட்டிற்குள் பூட்டி வைத்தவருமல்லர் அவர். ஆபத்து வேளையில் எவரும், ஏன், கிறிஸ்தவரல்லாதவரும்கூட, திருச்சபை செய்வதைச் செய்யும் கருத்தோடு, தண்ணீர் வார்த்து மூவொரு கடவுளின் பெயரால் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பதை உபதேசியாரிடம் கேட்டுத் தெளிந்தார். பிறகு சுற்று வட்டாரத்து மருத்துவச்சிகளுக்கெல்லாம், தம் பிள்ளைக்குப் பேறு பார்த்த அந்த அம்மையாருக்கும், அம்முறையைச் சொல்லிக் கொடுத்தார். தம் வீட்டில் நேர்ந்தது இன்னொரு வீட்டில் நேரக் கூடாது என்பதே அவர் எண்ணம்.

தந்தையார் இவ்விஷயத்தைப் பற்றி வாய் திறந்ததே இல்லை. ஓடிய கால்கள் இன்னும் சற்று விரைந்திருக்கலாகாதா என்ற வேதனை அவர் உள்ளத்தில் இறுதிவரை இருந்ததென்பார் அன்னை. 1994-ஆம் ஆண்டில் அவர் இறைவனடி சேர்ந்தார்.

காலம் மெல்ல மாறியது. சங்கத்திற்குப் பின், 1969-இல் வெளியான அடக்கச் சடங்கு நூலில், ஞானஸ்நானம் பெறுமுன் இறந்த குழந்தைகளுக்கான செபங்கள் இடம்பெற்றன. 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 1183-ஆம் விதி, பெற்றோர் ஞானஸ்நானம் கொடுக்கக் கருதியிருந்தால், மறைமாவட்டத் தலைவரின் அனுமதியோடு அக்குழந்தைகளுக்குத் திருச்சபைச் சடங்கோடு அடக்கம் செய்யலாம் என்றது. யாம் இறையியல் பயின்று கொண்டிருந்த நாளில், 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், அவர்களை இறைவனின் இரக்கத்தில் ஒப்படைக்குமாறு கூறியது. இறுதியாக, பன்னாட்டு இறையியல் குழு சில ஆண்டுகள் ஆய்ந்து எழுதிய அறிக்கை, திருத்தந்தை பதினாறாம் பெனடிக்டின் ஒப்புதலோடு 2007 ஏப்ரலில் வெளியாயிற்று. லிம்போ என்பது விசுவாச சத்தியமாக ஒருநாளும் வரையறுக்கப்பட்டதன்று என்றும், இக்குழந்தைகள் மீட்புப் பெற்று இறைவனைக் காண்பார்கள் என நம்புவதற்கு வலுவான காரணங்கள் உண்டு என்றும் அது எடுத்துரைத்தது. மாசற்ற குழந்தைகளையும் அவ்வறிக்கை நினைவுகூர்கிறது என்பதைப் படித்தபோது எம் அன்னையின் கேள்வியை எண்ணி வியந்தோம்.

அச்செய்தியோடு ஊருக்குச் சென்றோம். யாம் குருவானது முதல் அன்னை எம்மைச் 'சாமி' என்றே அழைப்பார். முற்றத்தில் அமர்ந்து முழுவதும் கேட்டவர், "பாப்பரசரும் சரின்னுட்டாரா, சாமி?" என்றார். "ஆம் அம்மா" என்றோம். அவர் மகிழ்ச்சியால் துள்ளவில்லை. தமக்கு முன்பே தெரிந்ததைக் கேட்டவர்போல் இருந்தார். சற்று நேரம் கழித்துத்தான் கண்கள் கலங்கின. "உங்க அப்பா இதைக் கேக்காமப் போயிட்டாங்களே" என்றார். பிறகு முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டு, "போகட்டும். இப்போ அவங்களுக்கு நம்மைவிட நல்லாத் தெரிஞ்சிருக்கும்" என்றார். நம்பிக்கை என்னும் புண்ணியத்திற்கு இதனினும் தெளிவான விளக்கத்தை யாம் கேட்டதில்லை.

2015 அக்டோபர் 18 அன்று, குழந்தை தெரேசம்மாளின் பெற்றோரான லூயி மார்த்தேன், செலி ஆகியோரைத் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதர்களாக உயர்த்தினார். ஒன்பது பிள்ளைகளைப் பெற்று நால்வரைச் சிறு வயதிலேயே பறிகொடுத்தவர் அத்தாய். அவர்கள் பிறவாமலே இருந்திருக்கலாம் என்று பிறர் சொன்னதைத் தம்மால் பொறுக்க முடியவில்லை என்றும், தம் பிள்ளைகளை மேலே மீண்டும் காண்போம் என்றும் அவர் கடிதத்தில் எழுதியுள்ளார். இதைச் சொன்னபோது எம் அன்னை, "அந்த அம்மா எத்தனை பிள்ளைன்னு சொல்லுவாங்களாம்?" என்று மட்டும் கேட்டார். "ஒன்பது என்றுதான் சொல்லியிருப்பார்" என்றோம். தலையசைத்துக் கொண்டார்.

2019-ஆம் ஆண்டில், எண்பதாம் வயதில், அவஸ்தைப் பூசுதலும் நற்கருணையும் பெற்று அன்னை அமைதியாய்க் கண்மூடினார். வடக்குச் சுவரோரமாய்த் தம்மை அடக்கம் செய்ய வேண்டும் என்பதே அவர் விடுத்த ஒரே வேண்டுகோள். இரங்கல் அறிவிப்பு அச்சிடும்போது பிள்ளைகள் ஐவர் என்று எழுதுவதா, எழுவர் என்று எழுதுவதா என்ற வினா எழுந்தது. மூத்த சகோதரியார், "அம்மா சொன்ன கணக்கையே எழுதுங்கள்" என்றார். அவ்வாறே அச்சாயிற்று.

வாசக அன்பர்களே, பங்குப் பணியில் யாம் காணும் ஓர் உண்மையைச் சொல்ல விரும்புகிறோம். கருவிலேயோ பிறந்தவுடனேயோ பிள்ளையை இழந்த தாய்மார் நம் ஒவ்வோர் ஊரிலும் உள்ளனர். "இன்னொன்று பிறக்கும்" என்ற சொல் அவர்களைத் தேற்றுவதில்லை. பெயரிடாத பிள்ளைக்கு ஒரு பெயரிடுங்கள். குடும்ப செபத்தில் அப்பெயரைச் சொல்லுங்கள். வாய் திறவாத தந்தையரின் துயரையும் மறவாதீர்கள். உங்கள் பங்குக் குருவிடம் தயங்காது சொல்லுங்கள். அப்பிள்ளைகளுக்குத் திருச்சபையில் செபம் உண்டு. அதேவேளையில் இந்நம்பிக்கையைக் காரணம் காட்டி எவரும் ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போட வேண்டாம். பிறந்த சில வாரங்களுக்குள் கொடுத்தல் பெற்றோர் கடமை. ஆபத்து வேளையில் கொடுக்கும் முறையை இல்லத்தார் அனைவரும் கற்றிருப்பது நன்று.

இம்மாதம் கல்லறைத் தோட்டத்திற்குச் செல்லும்போது, சுவருக்கு வெளியே எங்கேனும் ஒரு சிறு மேடு இருக்குமாயின், அங்கும் ஒரு மெழுகுவத்தி ஏற்றுங்கள். மரித்த விசுவாசிகளின் ஆன்மாக்கள் இறைவனின் இரக்கத்தால் அமைதியில் இளைப்பாறுவனவாக. ஆமென்.