கண்ணில் படாத காசு

பணப் பேச்சு தொடங்கியதும் பிள்ளைகளை அறைக்குள் அனுப்புவது நம் வீடுகளில் பழக்கம். கடன், சம்பளம், சீட்டு என்று எதுவானாலும் “இது பெரியவங்க விஷயம்” என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடுவோம். பிள்ளை கவலையில்லாமல் வளரட்டும் என்ற நல்லெண்ணம்தான். ஆனால், பாதியைக் கேட்ட பிள்ளை மீதியைத் தானே கற்பனை செய்துகொள்கிறது. அந்தக் கற்பனை பெரும்பாலும் உண்மையைவிடப் பயங்கரமாக இருக்கும்.

என் அம்மா எங்களுக்குப் பணம் பற்றிப் பாடம் எதுவும் நடத்தியதில்லை. 1980களில் ஈசூனில் இருந்தோம். அப்பாவுக்குக் கப்பல் பட்டறையில் வேலை. சம்பளம் வந்த இரவு அம்மா தரையில் உட்கார்ந்து நோட்டுகளைப் பிரித்து வைப்பார். நான்கு பழைய மைலோ டின்கள்: வீட்டுத் தவணை, மளிகை, பள்ளிச் செலவு, ஊருக்கு அனுப்புவது. மாதக் கடைசியில் மளிகை டின்னில் சில்லறைச் சத்தம் மட்டும் கேட்டால், அந்த வாரம் கோழி கிடையாது என்று எங்களுக்கே தெரிந்துவிடும்.

இன்று சம்பளம் நேராக வங்கிக் கணக்கில் விழுகிறது. மின்சாரம், தண்ணீர், காப்புறுதிக் கட்டணங்கள் ஜைரோ மூலம் தானாகப் போய்விடுகின்றன. உணவங்காடியில் பேநவ். பிஓஎஸ்பி வங்கி 2017ல் கொண்டுவந்த ‘ஸ்மார்ட் படி’ கைக்கடிகாரத்தைத் தட்டியே பிள்ளைகள் பள்ளி உணவகத்தில் சாப்பாடு வாங்குகிறார்கள். வசதிதான். ஆனால், என் மகளுக்கு டின் காலியாகும் சத்தம் கேட்க வழியே இல்லை.

2024 நவம்பரில் ஆட்குறைப்பில் என் கணவருக்கு வேலை போனது. பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்தோம். மகனுக்கு 13 வயது, மகளுக்கு 10. மகன் கேட்ட முதல் கேள்வி: “வீட்ட வித்துருவோமாப்பா?”

என் கணவர் ஒரு தாளை எடுத்து எழுதிக் காட்டினார். வீட்டுத் தவணை மத்திய சேம நிதியின் சாதாரணக் கணக்கிலிருந்து போகிறது. புதிதாகப் பணம் சேராவிட்டாலும், இருக்கும் தொகை ஓராண்டுக்கு மேல் தாங்கும். ஐந்து மாதச் செலவுக்குச் சேமிப்பு இருக்கிறது. அம்மாவின் சம்பளம் இருக்கிறது. எண்களைப் பார்த்ததும் மகன் முகம் தெளிந்தது.

அடுத்து, எதைக் குறைப்பது என்று நால்வரும் பேசினோம். பினாங்குப் பயணம் போனது. வெளியில் சாப்பிடுவது மாதம் ஒருமுறை ஆனது. “என் கித்தார் கிளாஸையும் நிறுத்திடலாம்மா,” என்றான் மகன். நாங்கள் அதைக் கேட்கவில்லை. அவன் சொன்னபோது எனக்கு நெஞ்சு கனத்தது. ஆனாலும், வேண்டாம் என்று மறுக்கவில்லை. குடும்பத்தின் சுமையில் தன் பங்கைத் தூக்க முன்வருபவனைத் தடுப்பது சரியாகப் படவில்லை.

2025 ஜனவரியில் ஒவ்வொரு சிங்கப்பூர்க் குடும்பத்துக்கும் 300 வெள்ளி சிடிசி பற்றுச்சீட்டுகள் கிடைத்தன. அதில் 150 வெள்ளி பேரங்காடிகளுக்கு உரியது. அந்த 150 வெள்ளியை மகளிடம் ஒப்படைத்தோம். அரிசி, எண்ணெய், பால், மைலோ எல்லாம் அவள் பொறுப்பு. முதல் வாரம் தனக்குப் பிடித்த சாக்லெட் தானியத்தை எடுத்தாள். இரண்டாம் வாரம் மைலோ டின்னையும் பாக்கெட்டையும் கையில் வைத்துக்கொண்டு, எதில் 100 கிராம் மலிவு என்று கணக்குப் போட்டாள். பள்ளியில் வகுத்தல் கணக்கென்றாலே ஓடும் பிள்ளை!

ஏப்ரலில் என் கணவருக்கு முன்பைவிடக் குறைந்த சம்பளத்தில் வேறு வேலை கிடைத்தது. சம்பளச் சீட்டை விளக்க ஓர் எடுத்துக்காட்டு எடுத்துக்கொண்டோம். 55 வயது வரை உள்ள ஊழியர் 5,000 வெள்ளி சம்பாதித்தால், 20 விழுக்காடாக 1,000 வெள்ளி சேம நிதிக்குப் போகும். முதலாளி 17 விழுக்காடாக 850 வெள்ளி சேர்ப்பார். “அப்போ கையில 4,000தானா?” என்று மகன் அசந்துபோனான். அவன் பெயரிலும் பணம் இருக்கிறது என்று சொன்னேன். கல்வி அமைச்சு ஆண்டுதோறும் எடுசேவ் கணக்கில் தொடக்கநிலை மாணவருக்கு 230 வெள்ளியும் உயர்நிலை மாணவருக்கு 290 வெள்ளியும் போடுகிறது. தனக்கென்று ஒரு கணக்கு இருப்பதே அவனுக்கு அன்றுதான் தெரிந்தது.

இப்போது எங்கள் வீட்டில் “காசு இல்லை” என்று சொல்வதில்லை. “இந்த மாசம் அதுக்கு ஒதுக்கலை” என்கிறோம். முன்னதைக் கேட்டால் பிள்ளை பயப்படும், பின்னதைக் கேட்டால், “எப்போ ஒதுக்கலாம்?” என்று கேட்கும். கித்தார் வகுப்புக்கு இன்னும் ஒதுக்கவில்லை. மகன் யூடியூப் பார்த்துப் பழகுகிறான்.

வேலை போகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சம்பளத் தொகையைச் சொல்லத் தயக்கமாக இருந்தால், ஒரே ஒரு கட்டணச் சீட்டிலிருந்து தொடங்கலாம். இந்த மாத மின்சாரக் கட்டணத்தைப் போன மாதத்தோடு ஒப்பிடும் வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள். குளிர்சாதனத்தை நிறுத்தச் சொல்லிக் கத்தும் வேலை உங்களுக்கு மிச்சம். எங்கள் வீட்டில் இப்போது மகள்தான் எங்களைக் கத்துகிறாள்.