சாப்ளினைத் தெரியும், ரோஸியைத் தெரியுமா?



ஒரு வட்டத் தொப்பி, சின்ன மீசை, கையில் ஒரு தடி. இவ்வளவையும் பலகையில் கீறிக் காட்டினால் போதும், எங்கள் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகள் "சாப்ளின்!" என்று கத்துகிறார்கள். விஜய் படம் பார்த்து வளரும் பிள்ளைகள். சாப்ளினின் 'த கிட்' வந்ததோ 1921இல். இவர்களின் பாட்டன்மாரே அப்போது பிறக்கவில்லை.

அவருடைய 'மொடர்ன் டைம்ஸ்' படத்தைப் பாடசாலையில் போட்டுக் காட்டினோம். பேசும் படங்கள் வந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1936இல், பெரும்பாலும் பேச்சே இல்லாமல் வந்த படம். தொழிற்சாலையில் பட்டி ஓடிக்கொண்டே இருக்கும், சாப்ளின் நட்டு முறுக்கிக்கொண்டே இருப்பார். சிரிப்பு அடங்கியதும் ஒரு பிள்ளை கேட்டது: "வேலை முடியலைன்னா அவருக்கும் அரைப் பேருதானா ஸேர்?" கொழுந்து கிலோ குறைந்தால் அம்மாவுக்கு அரை நாள் சம்பளம்தான் என்று தெரிந்த பிள்ளை. அதற்கு அந்தப் படத்தை யாரும் மொழிபெயர்த்துச் சொல்லத் தேவைப்படவில்லை.

ஆனால் சாப்ளின் நிலைத்ததற்குத் திறமை மட்டும் காரணமல்ல. 1919இல் இன்னும் மூவரோடு சேர்ந்து 'யுனைட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸ்' நிறுவனத்தைத் தொடங்கியவர் அவர். தன் படங்களின் உரிமையைக் கையில் வைத்திருந்தார். 1925இல் வந்த 'த கோல்ட் ரஷ்' படத்துக்கு 1942இல் இசையும் தன் குரலும் சேர்த்து மீண்டும் வெளியிட்டார். படச்சுருள் பிழைத்தது, பேரும் பிழைத்தது.

நம் பக்கத்தில் அப்படி நடக்கவில்லை. அந்தக் காலத்து நைட்ரேட் சுருள் இலகுவில் தீப்பிடிக்கும், கவனிக்காவிட்டால் தூளாகிப் போகும். சென்னையில் நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்' இன்று இல்லை. இலங்கையின் முதல் கதைப்படமான 'ராஜகீய விக்ரமய' (1925) இங்கே திரையிட முன்பே எரிந்து போனது. அதன் கதாநாயகன் யார் தெரியுமா? என்.எம். பெரேரா! 1948இல் மலையக மக்களின் குடியுரிமையைப் பறித்த சட்டத்தை எதிர்த்த இடதுசாரித் தலைவர்களில் ஒருவர். அரசியல்வாதியாக அவரை நம் பெரியவர்களுக்குத் தெரியும். நடிகராக எத்தனை பேருக்குத் தெரியும்?

அவருக்காவது வேறொரு பேர் இருந்தது. பி.கே. ரோஸிக்கு அதுவும் இல்லை. புல்லறுத்துப் பிழைத்த தலித் பெண். ஜே.சி. டானியல் எடுத்த மலையாளத்தின் முதல் படம் 'விகதகுமாரன்'; அதில் நாயர் பெண்ணாக நடித்தார். உயர்சாதிக்காரர்களால் பொறுக்க முடியவில்லை. ரோஸி ஊரைவிட்டே விரட்டப்பட்டார். தமிழ்நாட்டில் வேறு பேரில் வாழ்ந்து மறைந்தார். படமும் அழிந்தது. டானியலின் பேரில் கேரள அரசு 1992இல் விருது ஏற்படுத்தியது. ரோஸியின் படத்தை 'கூகுள்' தன் முகப்பில் போட்டது 2023 பெப்ரவரி 10இல்தான். ஆய்வாளர்களும் பெண் கலைஞர்களும் விடாமல் தேடியதால்தான் அந்தப் பேராவது மிஞ்சியது.

இதை ஏன் இங்கே எழுதுகிறோம் என்றால், நம் தோட்டங்களிலும் கலைஞர்கள் இருந்தார்கள். பகலெல்லாம் மலையில் வேலை, இரவில் காமன் கூத்தில் ரதி, மதன் வேஷம். விடிய விடிய ஆடியவர்களின் பேர் செக்ரோலில் மட்டும்தான் இருக்கிறது. அதில் கிலோக் கணக்கு இருக்கும், ஆடிய வேஷம் இருக்காது.

முன்பு கெமரா இல்லை என்று சொல்லலாம். இப்போது லயத்துக்கு லயம் போன் இருக்கிறது. உங்கள் தோட்டத்தில் கூத்தாடிய தாத்தா, அப்பாயி யாராவது இருந்தால், இந்த லீவிலேயே போய் உட்கார்ந்து பேச வையுங்கள். ஒரு பாட்டு, ஒரு அடவு, பத்து நிமிடம் போதும். பதிவு செய்ததில் அவருடைய பேரையும் தோட்டத்தின் பேரையும் மறக்காமல் சொல்லுங்கள். எங்களுக்கும் அனுப்புங்கள், சேர்த்து வைக்கிறோம்.